உதறினால் கழல வேண்டும்

சம்பங்கி அண்ணனுடைய இடது கால் பூட்ஸ் இன்னும் பூமிக்கு அடியில்தான் கிடக்கிறது. சுரங்கத்தின் அறுபத்து மூன்றாவது லெவலில், சரிந்த பாறைக்குக் கீழே. 1986இல் போனது. கால் மட்டும் மேலே வந்து சேர்ந்தது. அந்தக் காலை நான் எத்தனையோ முறை கையில் பிடித்து அளவு பார்த்திருக்கிறேன். எட்டாம் நம்பர் கால். குதிகால் அகலம். பெருவிரல் நகம் பாதி கறுப்பு. பாதத்தின் மேல்புறத்தில் ஒரு நீளத் தழும்பு.

என் பெயர் தேவிகா. ஆண்டர்சன்பேட்டை கடைவீதியில் கிளாரன்ஸ் சாரின் செருப்புக் கடையில் ஒன்பது வருஷமாக நிற்கிறேன். கடையில் நாற்காலி, செருப்பு வாங்க வருகிறவர்களுக்கு மட்டும்தான். எனக்கு மூக்கின் மேல் கோபம் என்று தெரிந்தவர்கள் எல்லோரும் சொல்வார்கள். பொய் இல்லை. அந்தக் கோபத்தில் நான் செய்த ஒரு காரியத்தால் எட்டுப் பேர் பிழைப்பில் மண் விழுந்தது. போலீசில் எழுதிக் கொடுக்கக்கூடிய குற்றம் எதுவும் இல்லை. யாரும் என்னைக் கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் ஒருவேளை எதிர்த்துப் பேசி ஆறிப் போயிருப்பேன்.

மைசூர் மைன்ஸ் என்கிற சுரங்கக் குடியிருப்பில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி சம்பங்கி அண்ணன் வீடு. அவருடைய தாத்தா குடியாத்தம் பக்கத்திலிருந்து தங்கச் சுரங்கத்துக்கு வந்தவர். தாத்தா இறங்கினார், அப்பா இறங்கினார், பத்தொன்பது வயதில் இவரும் இறங்கினார். டிம்பர்மேன் வேலை. தோண்டிய இடம் சரிந்துவிடாமல் மரம் கொண்டு முட்டுக் கொடுக்கிறவர். ஆள் உயரம் குறைவு, பேச்சு அதிகம். எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் முதலில் முகர்ந்து பார்ப்பார். தக்காளி வாங்கினாலும் அப்படித்தான், குடை வாங்கினாலும் அப்படித்தான். எங்கள் லைன் வீடுகளில் யாருடைய கதவு இறங்கினாலும் கூப்பிடாமலேயே வந்து ஆப்பு அடித்துக் கொடுப்பார். வேலை செய்கிற நேரம் முழுக்க, முதலில் அந்தக் கதவை மாட்டியவனைத் திட்டிக்கொண்டே இருப்பார்.

எண்பத்தாறில் நடந்தது இதுதான். ரொம்ப ஆழத்தில் பாறை தானாகவே வெடித்துச் சிதறும். அதை எங்கள் ஊரில் பர்ஸ்ட் என்போம். அன்று வெடித்த பாறையில் ஒரு துண்டு அவருடைய இடது பூட்ஸ் மேல் உட்கார்ந்துவிட்டது. பின்னாலேயே மண்ணும் கல்லும் சரிந்து வருகிறது. இவர் காலை ஒரு உதறு உதறினார். பூட்ஸ் அங்கேயே நின்றது, கால் வெளியே வந்தது. ஓடிவிட்டார். கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் மேலே ஏறி வந்து, ஒரு காலில் பூட்ஸும் ஒரு காலில் ரத்தமுமாக சுரங்கத்தின் ஷாஃப்ட் வாசலில் நின்றபோது, காத்திருந்த ஜெயம்மா அக்கா முதலில் அழுதாள், பிறகு புருஷனை முதுகில் நாலு அடி அடித்தாள். இதை அக்காவே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள்.

கால் அப்படி வெளியே வந்தது தற்செயல் இல்லை. சுரங்கத்து ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஸ்டோர்ஸில் புது பூட்ஸ் கொடுத்தால் பெஞ்சில் உட்கார்ந்து மாட்டுவார்கள், கயிற்றைத் தளர்வாகக் கட்டுவார்கள், பிறகு காலை நீட்டி ஒரே ஒரு உதறு. பூட்ஸ் கழன்று எதிர்ச் சுவரில் போய் விழ வேண்டும். விழவில்லையென்றால் ஒரு நம்பர் பெரிதாகக் கேட்பார்கள். "உதறிப் பாத்தியா?" என்பதுதான் புது பூட்ஸ் போட்டவனைப் பார்த்து முதலில் கேட்கிற கேள்வி. எங்கள் கடைக்கு வந்து பிள்ளைக்கு ஸ்கூல் ஷூ வாங்கினால்கூட உதறச் சொல்கிற அப்பன்மார் உண்டு. கிளாரன்ஸ் சாருடைய கண்ணாடி ஷெல்ஃப் ஒன்று அப்படித்தான் உடைந்தது.

இனி 2000த்துக்கு வருகிறேன். அந்த வருஷக் கடைசியில் சுரங்கம் பேருக்குத்தான் நடந்தது. சைரன் ஊதும், ஆட்கள் ஷிப்டுக்குப் போவார்கள், சும்மா உட்கார்ந்துவிட்டு வருவார்கள். மூடப் போகிறார்கள் என்று தெரிந்தும் யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. விவரமான சிலர் முன்னாலேயே விலகி, விடியற்காலையில் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி பெங்களூருக்குப் போய் வாட்ச்மேன் வேலை பார்த்தார்கள். காக்கியோ நீலமோ ஒரு சட்டை, ஒரு விசில், ஒரு ஸ்டூல்.

சம்பங்கி அண்ணனுக்கு அந்த வேலையின் பேரைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

"இருபத்தஞ்சு வருஷம் கீழ போயி வந்தவன்மா நானு. கேட்டாண்ட ஸ்டூலு போட்டு உக்காந்துகினு, காரு வந்தா சலாம் போடணும், பொம்பளை வந்தா மேடம்னு சொல்லணும். இந்த வாயில மேடம்னு வருமா? நீயே சொல்லு."

"வயித்துப்பாடுன்னா வரும்ணா" என்றேன். எனக்கு எப்போதும் இப்படித்தான், ஆறுதலாக ஒரு வார்த்தை வராது.

"எனுக்கு வராது" என்றார்.

அந்த நேரத்தில்தான் பெங்களூரிலிருந்து பிரேம் என்ற இளைஞர் ஜீப்பில் வந்தார். கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை செய்கிறவர்களை சனி, ஞாயிறுகளில் மலைக்கும் ஆற்றுக்கும் கூட்டிப்போகிற தொழில் அவருக்கு. காசு கொடுத்து மலை ஏறுவார்களாம், காசு கொடுத்து ஆற்றில் நனைவார்களாம். எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கேட்கவே வேடிக்கையாக இருந்தது. ஆனால் பிரேம் விவரத்தோடுதான் வந்திருந்தார். கயிறு பிடிக்கத் தெரிந்த, இருட்டுக்குப் பயப்படாத, ஆபத்தில் கத்தாமல் வேலை செய்கிற ஆட்கள் வேண்டும், அதற்குச் சுரங்கத்து ஆட்களைவிட யார் கிடைப்பார்கள் என்று கேட்டார். கேட்டவர்களுக்குக் கண் கலங்கிவிட்டது. அதுவரை எங்கள் ஆட்களுக்கு இதெல்லாம் தெரியும் என்று வெளியார் யாரும் சொன்னதில்லை.

எட்டுப் பேரைப் பொறுக்கினார். சம்பங்கி அண்ணன்தான் தலைவர். பொங்கலுக்குப் பிறகு கனகபுரா தாண்டி காவிரிக்கரையில் ஒருநாள் சோதனை. ஆற்றைக் குறுக்கே கடந்து, விருந்தாளிகளைக் கைபிடித்துக் கூட்டிப்போய்க் காட்ட வேண்டும். அதில் தேறிவிட்டால் எட்டுப் பேருக்கும் நிரந்தர வேலை, அடுத்த வருஷம் இன்னும் இருபது பேரை எடுப்பார்கள். போகும்போது பிரேம் ஒன்று சொல்லிவிட்டுப் போனார். காலுக்கு நல்ல ஸ்போர்ட்ஸ் சாண்டல் வேண்டும், மலைக்கும் ஆக வேண்டும், தண்ணீருக்கும் ஆக வேண்டும், கம்பெனி செலவில் நீங்களே பார்த்து வாங்கிவிடுங்கள் என்று. வாங்குகிற பொறுப்பு சம்பங்கி அண்ணன் தலையில் விழுந்தது.

டிசம்பர் இரண்டாம் வாரம் கக்கத்தில் ஒரு காகிதக் கட்டோடு கடைக்கு வந்தார். பிரித்தால் எட்டுச் செய்தித்தாள்கள். ஒவ்வொன்றிலும் ஒரு காலைப் பதித்துப் பென்சிலால் கோடு இழுத்திருந்தார், மேலே பேர். வேலு என்று எழுதிய தாளில் ஆறாவது விரலும் இருந்தது. வேலுவுக்கு நிஜமாகவே ஆறு விரல்.

எங்கள் கடையில் அந்த வகைச் செருப்பு பத்து ஜோடி இருந்தது. பெங்களூரில் பிள்ளைகள் போடுகிறார்கள் என்று கிளாரன்ஸ் சார் ஆசைப்பட்டு வாங்கி வந்து, எட்டு மாதமாக ஒன்றுகூடப் போகாமல் தூசி படிந்து கிடந்தது. மூன்று வகை. ஒன்று தோல் பட்டை, பித்தளைக் கொக்கி. ஒன்று நைலான் பட்டை, விரல்கள் திறந்தது. மூன்றாவது நைலான் பட்டையே, ஆனால் விரல்களுக்கு முன்னால் ரப்பர் மூடி வைத்தது.

அண்ணன் பார்த்த விதத்தை நான் குறை சொல்ல மாட்டேன். தோல் பட்டையை முகர்ந்தார், உடனே ஒதுக்கினார். "ஈரத்துல கெடந்தா நாலு நாள்ல ஊறி நாறிப் போவும். கீழ எத்தினி பாத்துகிறேன்." சரிதான், நானும் அதையே சொல்லியிருப்பேன். நைலான் செருப்பை இரண்டு கையாலும் வளைத்தார். முன்பாதத்தில் வளைகிறது, நடுவில் வளையவில்லை என்று தலையாட்டினார். அடிப்பாகத்தை நகத்தால் கீறினார். பள்ளங்கள் ஆழமாக இருக்கின்றனவா என்று சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். பிறகு பிளாஸ்டிக் குடத்திலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் எடுத்து எங்கள் வாசல் கருங்கல் படியில் ஊற்றினார். நான் கழுவி வைத்த படி. செருப்பைப் போட்டுக்கொண்டு அந்த ஈரத்தில் ஒற்றைக் காலில் நின்று இடுப்பை ஆட்டினார். வழுக்கவில்லை. கடைவீதியில் போனவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"வெரலு மூடினது எடுக்கலாமா, தெறந்தது எடுக்கலாமா?" என்று என்னைக் கேட்டார்.

"மூடினதுல மணல் பூந்தா வெளிய வராதுண்ணா. தெறந்ததுல கல்லு இடிக்கும்."

"மணலு கொட்டிக்கலாம். வெரலு போனா வராது. மூடினதே குடு."

அதுவும் சரியான பேச்சு. பிடித்த வகையில் எட்டாம் நம்பர் எடுத்து மாட்டிவிட்டேன். மூன்று பட்டை. விரல் பக்கம் ஒன்று, மேல்பாதத்தில் ஒன்று, குதிகாலைச் சுற்றி ஒன்று. மூன்றும் ஒட்டுப்பட்டை, இழுத்தால் டர்ரென்று சத்தம் வரும். இழுத்து ஒட்டினேன். கால் அச்சில் வார்த்த மாதிரி உட்கார்ந்தது. விரல் முன்னால் துருத்தவில்லை, குதிகால் பின்னால் தொங்கவில்லை. ஒன்பது வருஷத்தில் அவ்வளவு பொருத்தமாக நான் யாருக்கும் மாட்டியதில்லை.

அண்ணன் காலை நீட்டி ஒரு உதறு உதறினார்.

செருப்பு அசையவில்லை. இன்னொரு முறை உதறினார். நாற்காலிதான் ஆடியது.

"இது ஆவாதும்மா. பெரிசு குடு."

"இதுதாண்ணா உங்க அளவு. இது உதர்ற செருப்பு இல்ல. தண்ணி இழுக்கும், லூசா இருந்தா திருப்பிக்கும்."

"கால் மாட்டிகிச்சின்னா?"

"ஆத்துல எதுக்கு மாட்டுது?"

"கல்லுக்கு நடுவுல மாட்டாதா? கீழ மாட்டினா மாதிரிதான் அங்கயும். கால வெளிய எடுக்க முடியாத செருப்பு எதுக்கு? ஒன்பது குடு. எல்லாருக்கும் அப்பிடியே ஒண்ணு ஏத்தி எழுதிக்கோ."

இந்த இடத்தில் என்னிடம் ஒரு பொருள் இருந்தது. செருப்புப் பெட்டிக்குள் ஒரு தாள் வந்திருந்தது. எழுத்தெல்லாம் இங்கிலீஷ், ஆனால் நாலு படம் இருந்தது, படிக்கத் தெரியாதவனுக்கும் புரியும். நாலாவது படத்தில் ஓடுகிற தண்ணீரில் ஒரு கால். குதிகால் பட்டை தளர்ந்திருக்கிறது, செருப்பு பக்கவாட்டில் திரும்பியிருக்கிறது. அதன் மேல் பெரிய சிவப்புப் பெருக்கல் குறி. தாள் என் மேஜை டிராயரில்தான் இருந்தது. கையை நீட்டினால் போதும். நீட்டத்தான் போனேன்.

அப்போதுதான் அவர் சொன்னார்: "நீ இன்னாத்த கண்ட? ஒரு நாளாவது கீழ எறங்கிகிறியா? கடையில குந்திகினு செருப்பு விக்கறவளுக்கு கால பத்தி இன்னா தெரியும்?"

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சுரங்கத்து ஆட்கள் வெளியார் எல்லோரையும் அப்படித்தான் பேசுவார்கள். ஆனால் வாசலில் நாலு பேர் நின்று சிரித்தார்கள். அதில் ஒருத்தி எனக்கு ஆகாதவள். ஒன்பது வருஷமாகக் குனிந்து குனிந்து ஊர்க்காலை எல்லாம் தொட்டவள் நான். வெடிப்பு, ஆணி, சேற்றுப்புண், எல்லாம் என் கைக்குத் தெரியும். எனக்குக் காலைப் பற்றித் தெரியாதாம்! உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறியது. நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன்.

"நான் இன்னாத்துக்கு சொல்லப் போறேன்? கெட்டுப் போங்க. எத்தினி நம்பர் வேணும், சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

எழுதினேன். எட்டு என்று இருந்த இடத்தில் ஒன்பது, ஏழு என்று இருந்த இடத்தில் எட்டு. வேலுவுக்கு ஒன்பதுக்குப் பத்து. என் கையெழுத்து அழகாக இருக்கும், அன்று இன்னும் அழகாக எழுதினேன். அத்தனை நம்பரும் கடையில் இல்லாததால் கிளாரன்ஸ் சார் அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு பெங்களூர் போய், எட்டு ஜோடியையும் ஒரே சாக்கில் கட்டி ரயிலில் கொண்டுவந்தார். கிறிஸ்துமஸ் நேரம். ஒரே நாளில் எட்டு ஜோடி போனதில் சாருக்கு வாயெல்லாம் பல். வீட்டில் செய்த பிளம் கேக்கில் பெரிய துண்டாக வெட்டி எனக்குக் கொடுத்தார். ருசியாக இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் இருந்தது.

ஜனவரியில் ஒருநாள் குழாயடியில் ஜெயம்மா அக்கா கேட்டாள்.

"தேவிகா, இவுரு அத்த போட்டுகினு நடந்து பழகுறாரு. நடக்கசொல்லோ டப்பு டப்புன்னு சத்தம் வருது. குதிகாலாண்ட ரெண்டு வெரலு போவுது. அப்பிடித்தான் இருக்குமா?"

இது எனக்குக் கிடைத்த இரண்டாவது வாய்ப்பு. சோதனைக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. எட்டு ஜோடியையும் வாங்கி மாற்றிக் கொடுத்திருக்கலாம். கோபமும் அப்போது பெரிதாக இல்லை. ஆனால் அவர் வந்து கேட்கட்டும் என்று ஒரு வீம்பு இருந்தது. "அன்னிக்கி தெரியாம சொல்லிட்டேம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லட்டும், அப்புறம் படத்தைக் காட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

"உங்க வூட்டுக்காரரு எல்லாம் தெரிஞ்சவரு. அவரையே கேளுங்கக்கா" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

 அவள் அந்த வேலையை எவ்வளவு நம்பியிருந்தாள் என்று எனக்குத் தெரியும். புருஷன் வாட்ச்மேன் வேலைக்குப் போக மாட்டார், சுரங்கம் மூடிவிடும், மகள் பல்லவி பத்தாவது படிக்கிறாள். அந்த வீட்டில் வேறு வழி எதுவும் இல்லை. இதெல்லாம் தெரிந்துதான் குடத்தைத் தூக்கினேன்.

ஆற்றில் நடந்ததை வேலுதான் எனக்குச் சொன்னான். சோதனை முடிந்த மூன்றாம் நாள் கடைக்கு வந்தான், கையில் ஒரே ஒரு செருப்பு. வலது கால் செருப்பு.

"ஒத்தை செருப்பு விப்பியாக்கா? இன்னொண்ணு தண்ணியோட போயிடிச்சி."

"இன்னாடா ஆச்சி?"

படியில் உட்கார்ந்து சொன்னான். காலையில் மலை ஏறியதெல்லாம் நன்றாகத்தான் நடந்தது. கயிறு கட்டுவதில் எங்கள் ஆட்களைப் பார்த்து பெங்களூர்க்காரர்களே கை தட்டினார்கள். மதியம் ஆறு. தண்ணீர் தொடை அளவுதான், ஆனால் பாறைகளுக்கு நடுவே வேகமாக ஓடியது. ஆளுக்கு ஒரு விருந்தாளி. பிரேமே விருந்தாளியாக நடித்து சம்பங்கி அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார். இறங்கிய உடனேயே செருப்புக்கும் பாதத்துக்கும் நடுவில் தண்ணீர் புகுந்து இழுக்க ஆரம்பித்தது. கூழாங்கல் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. பட்டையை இழுத்துக் கட்டலாம் என்றால் செருப்பே பெரிது, பட்டை அதற்குமேல் இறுகவில்லை. இரண்டு பேருக்குச் செருப்பு கழன்று மிதந்து போனது, அதில் ஒருவன் வேலு.

"அண்ணன் மட்டும் கெட்டியாத்தான் போயிகினு இருந்தாருக்கா. நட்டாத்துல செருப்பு நுனி ரெண்டு கல்லுக்கு நடுவுல சிக்கிகிச்சி. நின்னு மெதுவா எடுத்திருந்தா வந்திருக்கும். அவுரு உதறிட்டாரு."

"உதறிட்டாரா?"

"ஆமாக்கா. பழக்கம்தான? ஒரே உதறு. செருப்பு கழண்டுகிச்சி, வெறுங்கால் பாசி மேல பட்டுது. அவ்ளோதான். அவரும் பூட்டாரு, கைய புடிச்சிகினு இருந்த அந்த ஆளையும் இழுத்துகினு பூட்டாரு. நானும் இன்னொருத்தனும் கவுறு போட்டு இழுத்தோம். பிரேம் சாருக்கு மோவாக்கட்டை கிழிஞ்சி, பல்லு ஒண்ணு பூடுச்சி."

கரைக்கு வந்ததும் பிரேம் வாயில் துணியை அழுத்திக்கொண்டு எட்டுப் பேர் காலையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாராம். எல்லாம் ஒரு நம்பர் பெரிது. எதற்கு என்று கேட்டார். அண்ணன் விளக்கிச் சொன்னார், அறுபத்து மூன்றாவது லெவல், இடது பூட்ஸ், எல்லாவற்றையும். பிரேம் கடைசி வரைக்கும் பொறுமையாகக் கேட்டார். அதற்குப் பிறகு சொன்னது இவ்வளவுதான்: உங்களுக்குத் தைரியம் இருக்கு, கயிறு தெரியும், ஆனா செருப்புக்கூட சரியா பாத்து வாங்காதவங்களை நம்பி நான் எப்படி கஸ்டமரை ஆத்துல விடறது?

அவர் சொன்னதில் என்ன தப்பு கண்டுபிடிக்க முடியும்? இருபது பேரை எடுப்பதாகச் சொன்ன பேச்சும் அத்தோடு போயிற்று. சுரங்கத்து ஆட்களுக்கு ஆறு ஒத்துவராது என்று முடிவு செய்து, மங்களூர்ப் பக்கத்து ஆட்களை எடுத்துக்கொண்டார்களாம்.

வேலுவுக்கு நான் ஒற்றைச் செருப்பு கொடுக்கவில்லை. ஜோடியாக விற்பதுதான் கடை வழக்கம் என்றேன். அவன் போன பிறகு டிராயரைத் திறந்து அந்தத் தாளைப் பார்த்தேன். நாலாவது படத்தில் வேலு சொன்னது அப்படியே இருந்தது. மோவாய் கிழிந்ததை மட்டும் வரையவில்லை.

பிப்ரவரி கடைசி நாளில் சுரங்கத்தை மூடினார்கள். அதைப் பற்றி நிறைய பேர் பேசிவிட்டார்கள், நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஊரே கேட் முன்னால் நின்றது. சம்பங்கி அண்ணன் வரவில்லை. ஆற்றில் கணுக்கால் பிசகியது இன்னும் சரியாகவில்லை என்று சொன்னார்கள். அவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் முன்போலவே "இன்னாம்மா" என்பார். என்னால்தான் முகம் கொடுத்துப் பேச முடியவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஏப்ரலில் ஒருநாள் மதியம் கடைக்கு வந்தார். லேசாகக் காலைத் தாங்கி நடந்தார். அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கறுப்பு ஷூ ஒண்ணு காட்டும்மா. கயிறு கட்டுறது. பெங்களூருல ஒரு அபார்ட்மென்ட்டாண்ட வேலை சொல்லிகிறாங்க. திங்கக்கெழம வரச் சொல்லிட்டாங்க."

என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. ஷெல்ஃபுக்குப் போகாமல் மேஜைக்குப் போனேன். டிராயரிலிருந்து அந்தத் தாளை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். இனிமேல் கொடுத்து என்ன பயன் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"இன்னாது?"

"பாருங்கண்ணா."

முதல் படத்தைப் பார்த்தார், இரண்டாவதைப் பார்த்தார். நாலாவது படத்துக்கு வந்ததும் தாளைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். அந்தச் சிவப்புக் குறியை விரலால் தடவினார்.

"இது எப்போ வந்திச்சி?"

"அன்னிக்கே இருந்திச்சிண்ணா. நீங்க உதறசொல்லோ இந்த டிராயர்லதான் இருந்திச்சி. நீங்க எனுக்கு கால பத்தி தெரியாதுன்னு சொன்னீங்க. கோவத்துல நான் காட்டல. அப்பறமும் காட்டல."

கடையில் வேறு யாரும் இல்லை. கிளாரன்ஸ் சார் சாப்பிடப் போயிருந்தார். அண்ணன் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தினால் காலில் விழத் தயாராக இருந்தேன். அவர் தாளை முகர்ந்து பார்த்தார். பிறகு நாலாக மடித்து நாற்காலியின் கைப்பிடி மேல் வைத்தார்.

"ஷூ காட்டு" என்றார்.

எட்டாம் நம்பர் கறுப்பு ஷூ எடுத்து வந்தேன். குனிந்து மாட்டப் போனேன். காலை உள்ளே இழுத்துக்கொண்டார், தானே மாட்டினார். கயிற்றைக் கடைசி ஓட்டை வரைக்கும் கோத்து, பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கி, இரட்டை முடிச்சுப் போட்டார். எழுந்து நாலு அடி நடந்தார். காலை நீட்டவில்லை.

எனக்குத் தாங்கவில்லை. "உதறிப் பாக்கலியாண்ணா?" என்று கேட்டேன்.

"எதுக்கு? ஸ்டூலு மேல குந்திகினு கீறவன் மேல இன்னா வுழப்போவுது?"

போட்டு வந்த பழைய செருப்பைச் செய்தித்தாளில் சுற்றச் சொன்னார். சுற்றிக் கொடுத்தேன். ஆண்டர்சன்பேட்டையில் இருக்கிற எல்லோரையும் அம்மா என்றும் அய்யா என்றும் சொல்கிற மனுஷன், என்னைச் சின்னப் பெண்ணாக இருந்தபோதிலிருந்து பார்க்கிற மனுஷன், வாசல்படியில் நின்று திரும்பினார். கையை நெற்றிக்குக் கொண்டுபோனார்.

"வரேன் மேடம்" என்றார்.